நந்து தாதாவின் முகம்

வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் ஃபர்ஸானா பத்தாம் வகுப்புக்கு தாதாயிசம் என்ற ஓவிய இயக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். செம்பூரில் இருந்த அந்தத் தனியார் பள்ளியில் ஓவிய வரலாறு விருப்பப் பாடம். நாற்பத்திரண்டு பிள்ளைகள் எடுத்திருந்தார்கள். ஜூன் மாதம் மறுமலர்ச்சிக் காலத்தில் ஆரம்பித்து, ஒவ்வோர் இயக்கமாகத் தாண்டி, இப்போது முதல் உலகப் போருக்கு வந்திருந்தாள். பலகையில் பெயரை எழுதியதுமே வகுப்பு சிரித்தது. பம்பாயில் தாதா என்றால் யாரென்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மேடம், ஐரோப்பாவுலயும் தாதாகிரியா?" என்றான் பின் பெஞ்சிலிருந்த சாஹில்.

"இந்தப் பேருக்கு அர்த்தமே கிடையாது. அதுதான் அதோட விஷயமே" என்று அவள் இந்தியில் தொடர்ந்தாள். "போர்ல லட்சக்கணக்கானவங்க செத்தாங்க. அவங்களை அனுப்பி வெச்ச பெரிய மனுஷங்க மெடலைக் குத்திக்கிட்டுப் பேப்பர்ல சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. இந்த ஓவியர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தப் படங்களையே வெட்டி ஒட்டிக் கேலி பண்ணாங்க."

எதையும் செய்து காட்டினால்தான் அவளுக்குத் திருப்தி. மேசையில் பழைய செய்தித்தாள்கள் கிடந்தன. மேலாக இருந்த மராத்தித் தாளைப் பிரித்துப் பலகையில் மாட்டினாள். முழுப்பக்கத்துக்கு ஒரு முகம், பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம். பள்ளி வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் அவள் தினமும் பார்க்கிற முகம்தான். மார்க்கர் தாளைத் தொடுவதற்கு முன்பே அது செம்பூரையே கைக்குள் வைத்திருக்கிற நந்து தாதா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வகுப்பு சிரிக்கத் தொடங்கியிருந்தது. நாற்பத்திரண்டு பேர் ஒரே சமயத்தில் பாடத்தைக் கவனிப்பது ஓர் ஆசிரியைக்கு எப்போதாவது வாய்க்கிற விஷயம். அவள் கை நிற்கவில்லை. பூனை மீசை, வட்டக் கண்ணாடி, தலையில் இரண்டு காது.

"தாதாவுக்கு அர்த்தமே கிடையாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆமா, கிடையவே கிடையாது" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வகுப்பில் யாரோ போனில் எடுத்த பதினொரு விநாடி வீடியோ ஒன்று, அந்தச் சிரிப்போடு, வெள்ளிக்கிழமை காலையில் செம்பூர் முழுக்கச் சுற்றியது. அவள் குர்லாவில் ரயில் மாறும்போது தெரியாத எண்களிலிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. எட்டாவதை எடுத்தாள். யாரும் பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு துண்டித்துவிட்டார்கள்.

பிரின்சிபால் ஞானதுரை கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு மாறினார். நாசரேத்துப் பக்கத்துக்காரர். அவசரமென்றால் மட்டும்தான் பள்ளியில் தமிழ் பேசுவார்.

"டீச்சர், காலைல நந்து தாதா ஆளுவ ரெண்டு பேர் வந்தானுவ. கண்ணாடிய உடைக்கல, சத்தம் போடல. 'நாளைக்கு நாலு மணிக்கு மேடத்த ஆபீசுக்கு அனுப்புங்க'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனானுவ. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"போலீஸ்ல சொல்லலாமா சார்?"

"சொல்லலாம். அதுக்கப்புறம் ஆயிரத்தி இருநூறு பிள்ளைய தெனமும் இந்த வாசல் வழியாத்தான் போவணும், வரணும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யார் படம்னு தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிருங்க. தெரியாதுதான?"

அவள் அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அன்று மாலை சயானில் இறங்கி அவள் தாராவிக்கு நடந்து வந்தபோது வாப்பாவின் பட்டறையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. முகம்மது ஹனீப் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். ஆறு மெஷினும் பகலில் ஓயாமல் ஓடும். இப்போது வேலையாட்களை அனுப்பிவிட்டு, தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, பைக்குல ரெண்டு பேர் வந்தாவ" என்றார். "ஒரு லேடீஸ் பைய எடுத்துப் பாத்தாவ. நல்லா இருக்குன்னாவ. 'சாச்சா, உங்க மக டீச்சராமே, எந்த ட்ரெயின்ல போவா'ன்னு கேட்டாவ. நான் தெரியாதுன்னேன். அவனே சொல்லுதான், சயான்ல எட்டு பத்துக்கு ஏறுவான்னு."

ஃபர்ஸானா தினமும் அதில்தான் ஏறுவாள். எட்டு பத்து சரியான நேரம்.

"நீ என்ன செஞ்சே? எதுக்குச் செஞ்சே?"

"பாடம் எடுத்தேன் வாப்பா."

நாளைக்கு நாலு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லியிருப்பதையும் சொன்னாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வாப்பாவும் கூடவே வந்தார். நந்து தாதாவின் ஆபீஸ் என்பது ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளம். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், குளிர்ந்த ஏசி காற்று, ஊதுபத்தி வாசனை. அவர்கள் உள்ளே போனதும் ஒருவன் ஷட்டரைப் பாதிவரை இறக்கினான். நந்து தாதா ஃபிளெக்ஸில் இருந்ததைவிடச் சின்ன ஆள். படிக்கும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வாப்பாவுக்கு எழுந்து நின்று நாற்காலி காட்டினார். டீ வந்தது. சுற்றிலும் ஆறு பேர் சுவரோரம் நின்றார்கள்.

"என்ன பாடம் மேடம் அது?" என்றார் மெதுவாக. "நான் எட்டாவதோட நிறுத்தினவன். எனக்கும் எடுங்களேன். அப்படியே, வகுப்புல எடுத்த மாதிரி."

விளையாட்டா, மிரட்டலா என்று தெரியவில்லை. அவர் மடியில் கைகோத்துக் காத்திருந்தார். அவள் எழுந்து நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, போரைப் பற்றி, செத்தவர்களைப் பற்றி, கோபப்பட்ட ஓவியர்களைப் பற்றிச் சொன்னாள். வகுப்பில் நாற்பது நிமிடம் எடுத்த பாடம் இங்கே நாலு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பெரிய மனுஷர்கள் என்ற இடம் வந்தது. அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள். ஒருவன் அவளைப் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

"நல்லா எடுக்கறீங்க" என்றார் நந்து தாதா. "என் முகம்னு தெரிஞ்சுதானே வரைஞ்சீங்க?"

வாப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரியாது" என்றாள்.

அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்து அவளைப் பார்த்தார். "தெரியாதா? உங்க ஸ்கூல் வாசல்லயே இருக்கேன். என் முகம் தெரியாத ஆளு செம்பூர்ல இருக்கா?"

சுவரோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தெரியும் என்றாலும் குற்றம், தெரியாது என்றாலும் அவமானம்.  ஷட்டருக்குக் கீழே தெருவில் நடந்துபோகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க மேடம்" என்றார் கடைசியில். "தெரியாட்டி தெரிஞ்சுக்கணும். பசங்களும் தெரிஞ்சுக்கணும். அடுத்த சனிக்கிழமை ஓவியப் போட்டி வைங்க. அந்த வகுப்புப் பிள்ளைங்க அத்தனை பேரும் என்னை வரையட்டும். முதல் பரிசு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க. எல்லாப் படத்தையும் இங்கே மாட்டறேன்." பிறகு வாப்பாவிடம் திரும்பி, "சாச்சா, டீ குடிக்கவே இல்லையே?" என்றார்.

வாப்பா ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

அந்த வாரம் முழுக்க வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் இருந்த வரியையே ஒப்பித்தார்கள். வீடியோவை வெளியே அனுப்பியது சாஹில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனான். அவள் அவனைத் திட்டவில்லை.

போட்டி நாளன்று ஹாலில் நந்து தாதாவின் போட்டோ பிரதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் பென்சில் சத்தம்தான். ஃபர்ஸானா வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தாள். சாஹில் அவரைச் சிங்கத்தின் மேல் உட்கார வைத்திருந்தான். இன்னொருத்தி தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டிருந்தாள். எல்லோரும் நிறத்தை வெளுப்பாக்கி, கன்னத்தைச் சிவப்பாக்கி, தோளை அகலமாக்கியிருந்தார்கள். இப்படி வரை என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசி வரிசையில் அஃப்ஷா. வகுப்பில் வாயே திறக்காத பெண். அவள் தாளைப் பார்த்ததும் ஃபர்ஸானா அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, கன்னத்து அம்மைத் தழும்பு, ஒரு பக்கமாக இறங்கிய உதடு. அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. வேறு யாரையோ அடிக்கச் சொல்லிவிட்டு அந்தச் செய்திக்காகக் காத்திருக்கிற மனிதன் அப்படியே அங்கே இருந்தான். ஜூனிலிருந்து இந்த வகுப்புக்கு ஃபர்ஸானா சொல்லிக் கொடுக்க முயன்றதெல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. ஃபர்ஸானா தாளைச் சட்டென்று உருவி, மடித்து, துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டாள். அஃப்ஷா நிமிர்ந்து பார்த்தாள்.

வந்த இருவரில் ஒருவன் படங்களை எண்ணினான். பட்டறைக்கு வந்தவனும் அவன்தானோ என்னவோ.

"நாற்பத்தொண்ணு இருக்கு. நாற்பத்திரெண்டு பேர்னு சொன்னாங்களே?"

"ஒரு பொண்ணுக்குக் காய்ச்சல். வரல" என்றாள். தாள் விலாவில் குத்தியது.

அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். பிள்ளைகளைத் தலை எண்ணப் போகிறான் என்று நினைத்தாள். பிள்ளைகள் ஒருவரும் அசையவில்லை. சாஹில் எழுந்து, "பையா, என் சிங்கத்தைப் பாருங்க, நல்லா இருக்கா?" என்று தன் படத்தை நீட்டினான்.  அந்த ஆள் பார்த்தான், தலையாட்டினான், படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். முதல் பரிசு சிங்கத்துக்கு என்று ஃபர்ஸானா எழுதிக் கொடுத்ததும் இருவரும் போனார்கள்.

ஹால் காலியானதும் அஃப்ஷா மட்டும் நின்றாள்.

"நான் தப்பா வரைஞ்சிட்டேனா மேடம்?"

"இல்ல. ரொம்பச் சரியா வரைஞ்சிருக்கே."

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

ஃபர்ஸானா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பயந்ததை, பொய் சொன்னதை, எட்டு பத்து ரயிலை, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு குழந்தையிடம் இதைச் சொல்லலாமா என்று பாதியில் தோன்றியது, ஆனாலும் நிறுத்தவில்லை. அஃப்ஷா கவனமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வாசலைப் பார்த்துவிட்டு, "அதை நீங்களே வெச்சுக்கங்க மேடம், எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்றாள்.