பனிமலைக்குக் கதவு

சாப்பிட்ட தட்டுகளை ஓரங்கட்டிவிட்டு மாமனார் மேசைமேல் வரைபடத்தை விரித்தார். காலமெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், போகிற வழியை விரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

"இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை. நீங்க நின்ன இடம் இதுல எங்க இருக்கு?"

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத அதைச் சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான்.

"இந்தப் பக்கம்தான் மாமா. கொஞ்சம் மேல. இல்ல, கொஞ்சம் கீழ."

"அது ஏரி மாப்பிள்ளை."

"ஏரி பக்கத்துலதான்."

எதிரில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கன்னத்தில் கை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து, ஃப்ரேம் பொருத்தி, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுப்பது வரை எல்லாம் அவள்தான். கடையைப் புதுப்பிக்கிறார்கள் என்று இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு வாரம் விடுமுறை கிடைக்க இருந்தது.

"எனக்கு வேற எங்கயும் வேண்டாம்பா," என்றாள் அப்பாவிடம். "அந்தப் போட்டோவுல இருக்கற அதே இடம். அதே மாதிரி நானும் அவர் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னபோது அவன் மறுபடியும் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அந்தப் போட்டோ மாமனார் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கனத்த கோட்டு போட்டு அவன் நிற்கிறான். புருவத்திலும் மீசையிலும் வெள்ளை வெளேரென்று பனித்தூள். பின்னால் மேடும் பள்ளமுமாய்ப் பனி. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத்தான் காட்டுவார். "நம்ம மாப்பிள்ளை. பனிமலை ஏறினவர்."

மாப்பிள்ளை மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன்.

அவன் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர்சாதன மெக்கானிக். அங்கே அவனுக்கு 'கூலிங்' என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், பெரிய ஃப்ரீசர் அறையில் உறைபனியை உருக்கிவிடும் சாதனம் இரவோடு இரவாக நின்றுபோனது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே சுவரும் தட்டும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளைக் குன்றாக வளர்ந்து கிடந்தது. அதைச் சுரண்டிச் சரிசெய்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது, பேக்கிங் பிரிவில் இருப்பதால் 'டப்பா' என்று பெயர் வாங்கிய நண்பன் கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றான். "அசையாத கூலிங். இமயமலைல இருந்து இறங்கி வந்த சாமியார் மாதிரியே இருக்க." எடுத்த படம் அதுதான்.

அதை அவன் அக்கா பார்த்தாள். பெண் வீட்டாருக்கு அனுப்பினாள். கீழே 'பனிமலைப் பயணத்தில்' என்று தன் கைச்சரக்கையும் சேர்த்தாள். அவனுக்கு விஷயம் தெரிந்தபோது பெண்ணே சரி சொல்லிவிட்டிருந்தாள்.

நிஜத்தைச் சொல்லிவிடத்தான் அவளை முதல்முறை தனியாகச் சந்தித்தபோது வாயைத் திறந்தான். அதற்குள் அவள், "அந்தப் போட்டோவைப் பாத்துதாங்க சரின்னு சொன்னேன்," என்று சிரித்துவிட்டாள். திறந்த வாயில் காப்பியை ஊற்றிக்கொண்டான். அன்றிலிருந்து இன்றுவரை அவனுக்கு ஒரே பயம். அவள் கட்டிக்கொண்டது தன்னையல்ல, அந்த மலையேறியை. அந்த மலையேறி பொய் என்று தெரிந்தால் மிச்சம் இருக்கிறவனை அவளுக்குப் பிடிக்குமா?

மறுநாள் தொழிற்சாலையிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டான்.

"நீதானேக்கா ஆரம்பிச்சு வச்ச. நீயே ஒரு வழி சொல்லு."

"டேய், அதுக்கு முன்னாடி எல்லாம் உன் சாதா போட்டோவைத்தான்டா அனுப்பிட்டிருந்தேன். அதைப் பாத்த பொண்ணுங்க எல்லாம் எப்படி ஓடினாங்கன்னு மறந்துட்டியா?"

"இப்ப இவ ஓடினா?"

"ஓட மாட்டா. அந்தப் பக்கம் பாதை மூடிட்டாங்கன்னு சொல்லு."

அன்று சாயங்காலமே சொன்னான். மனைவி கைபேசியில் தேடிப் பார்த்து, "திறந்துதாங்க இருக்கு. பூட்டு எதுவும் தொங்கல," என்றாள். அடுத்த நாள், இந்த வருஷம் பனியே சரியாக விழவில்லையாம் என்றான். இடுப்பளவு பனியில் நின்று யாரோ கையாட்டுகிற படத்தை அவள் எடுத்துக் காட்டினாள். தனக்கு முதுகு பிடித்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தான். அதற்கு அவள் தேய்த்துவிட்ட தைலத்தின் எரிச்சலில், இல்லாத வலி உண்மையாகவே வந்து சேர்ந்தது.

அதோடு அவள் கேள்வி கேட்கவும் ஆரம்பித்தாள்.

"என்னங்க, கடைக்கு வந்த ஒருத்தர் பனிக்குப் போறாராம். அங்க கண்ணாடி போட்டுட்டுப் போனா பார்வை மறைக்குமான்னு கேட்டாரு. உங்களுக்குத்தான் அனுபவம் உண்டே."

இந்த ஒரு கேள்விக்காவது பதில் தெரியும் என்ற சந்தோஷத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உள்ள இருக்கறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. வெளிய வந்ததும்தான் குபுக்குன்னு மூடிக்கும். கதவு கிட்ட நின்னு துடைச்சிட்டுத்தான் நடக்கணும்."

"கதவா? மலைக்கா?"

"அது... ஹோட்டல் கதவு."

"ஓ," என்றாள் அவள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி ஓடியது. "ரொம்ப நேரம் நிக்க முடியுமா அங்க?"

"கூடாது. கால் மணிக்கு ஒருதரம் வெளிய வந்துடணும். வரலன்னா ஆள் விட்டுத் தேடுவாங்க."

"நல்ல ஏற்பாடா இருக்கே. சுத்தமான காத்து, வாசனையா இருக்கும் இல்ல?"

"லேசா வெனிலா..." என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் சட்டென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். அங்கே குழாய் ரொம்ப நேரம் திறந்திருந்தது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது.

போதும் என்று முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். மாமனாரின் வரைபடத்தில் ஏதாவது ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டிவிடலாம். அங்கே போய் ஏதோ ஒரு பனிமேட்டின்முன் நின்று இதுதான் என்றும் சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இன்னொரு போட்டோவிலும் பொய்யாக நிற்க வேண்டும். இந்த முறை பக்கத்தில் அவளும் நிற்பாள்.

சனிக்கிழமை மத்தியானம், "கிளம்பு, அந்த இடத்தைக் காட்டறேன்," என்றான்.

"இன்னைக்கேவா? பெட்டி கட்ட வேண்டாமா?"

"ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கோ."

அவளை நேரே தொழிற்சாலைக்குக் கூட்டிப் போனான். வாசலில் காவலாளி அவளுக்கு வணக்கம் சொன்னார். பேக்கிங் பிரிவைத் தாண்டும்போது டப்பா கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் தவறவிட்டான். ஆளுக்கொரு கனத்த கோட்டு மாட்டிக்கொண்டார்கள். ஃப்ரீசர் அறையின் தடித்த கதவை இழுத்துத் திறந்தான். வெள்ளைப் புகை காலடியில் வழிந்தது.

உள்ளே போய்க் கடைசித் தட்டின் பக்கம் நின்றான். கன்னம் விறைத்தது. குளிரால் மட்டுமில்லை.

"இதுதான்," என்றான். "நான் ஏறின மலை. அன்னைக்கு மெஷின் ரிப்பேர். பனி நிறைய இருந்துச்சு. அக்கா அனுப்பிட்டா. நான் சொல்லல. சொல்லியிருக்கணும். நீ அந்தப் போட்டோவைப் பாத்துதான் சரின்னு சொன்ன, அதனாலதான்..."

அவள் சுற்றிலும் பார்த்தாள். வெனிலா டப்பாக்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. கைப்பையைத் திறந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை எடுத்து அவன் தலையில் மாட்டிக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"இதை வாங்கி மாசக்கணக்கா ஆச்சு. எப்பத்தான் கூட்டிட்டு வருவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

அவன் விழித்தான்.

"நான் கண்ணாடிக் கடைக்காரிங்க. ஆளுங்க மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னால கண்ணாடியைத்தான் பாப்பேன். அந்தப் போட்டோ வந்த அன்னைக்கே, என்ன ஃப்ரேம் போட்டிருக்காருன்னு பெருசாக்கிப் பாத்தேன். கிளாஸ்ல என்ன தெரிஞ்சுது தெரியுமா? மலைமேல டியூப்லைட். அதுக்குக் கீழ அட்டைப்பெட்டி. நடுவுல ஒரு ஆளு, தலையில வலைத் தொப்பி போட்டுட்டு, போட்டோ எடுக்கற கை ஆட வயித்தைப் பிடிச்சிட்டுச் சிரிக்கறாரு."

"டப்பா," என்றான் அவன் பலவீனமாக.

"வேலை செய்யற இடத்துல ஒரு மனுஷனை இப்படிச் சிரிக்க வைக்கறவர் கூட இருந்தா வீட்டுல பொழுது போகும்னு தோணுச்சு. அதான் சரின்னு சொன்னேன். மலையேறறவனைக் கட்டிட்டு நான் என்னங்க பண்ணப் போறேன்?"

"அப்ப அன்னைக்கு அடுக்களைல அழுதது?"

"வெனிலான்னு சொல்லிட்டு ஒரு மூஞ்சி வச்சீங்களே. சிரிப்பை அடக்க முடியாமக் குழாயைத் திறந்து விட்டேன்."

"இவ்வளவு நாள் வேணும்னே..."

"நீங்க ஒரு பொய்யை வச்சிட்டு எவ்வளவு தூரம் ஓடறீங்கன்னு பாக்கலாம்னுதான். பாவம், ஏரிக்குள்ளயே நின்னுட்டீங்க."

டப்பாவைக் கூப்பிட்டார்கள். கைபேசியை நீட்டியவன் இந்த முறையும் சிரித்ததில் முதல் படம் கலங்கிப்போயிற்று. இரண்டாவதில் இருவரும் சரியாக விழுந்தார்கள். அவள் பல் தந்தியடித்தது. அப்படியும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கதவைத் தாண்டி வெளியே வந்ததும் குபுக்கென்று அவன் கண்ணாடி மூடிக்கொண்டது. உலகம் முழுக்க வெள்ளை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு கிட்ட நின்னு துடைக்கணும்னு சொன்னீங்க இல்ல?"

"துடைக்கவா?"

"வேண்டாம், வாங்க. படி வந்தா சொல்றேன்." நாலு அடி நடந்துவிட்டு, "நிஜ மலைக்கும் போறோம். ரெண்டு பேருமே பாத்ததில்ல. டிக்கெட் போட்டாச்சு," என்றாள்.

"உங்கப்பா கிட்ட என்ன சொல்றது?"

"அவர்கிட்ட எதுக்கு? மாப்பிள்ளை மலையேறினவர்னு தெருவே அவரை நம்பிட்டிருக்கு."

சொல்லி வாய் மூடவில்லை, கைபேசி அடித்தது. மாமனார்தான். அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை இடத்தைக் கண்டுபிடிச்சாரா? வரைபடத்தை இன்னும் மடிக்காம வச்சிருக்கேன்."

"கண்டுபிடிச்சாச்சுப்பா. வழியெல்லாம் நல்லா இருக்கு. உள்ள போனதும் கதவை மட்டும் மறக்காமச் சாத்திடணுமாம்."

மறுமுனையில் வரைபடம் சரசரத்தது.

"கதவா? மலைக்கு எதுக்கும்மா கதவு?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? ஏறினவர் இங்கதான இருக்காரு," என்று கைபேசியைக் கணவன் கையில் திணித்துவிட்டு, அவள் சுவரோரமாக நகர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணாடி முழுக்க வெள்ளையாக, எதுவும் தெரியாமல், மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான்.

"அது வந்து மாமா..."