கட்டத்துக்கு வெளியே

அறுபது படிவங்களும் வெள்ளிக்கிழமை மதியமே தென்றலின் மேசைக்கு வந்துவிட்டன. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் அவர் ஊடகவியல் பேராசிரியர். கீழ்பென்னாத்தூர்ப் பெண்களுக்குச் செய்திகள் எதன் வழியாகப் போய்ச் சேருகின்றன என்று வீடு வீடாகக் கேட்டுவரத் தம் மாணவர்கள் பிரசாத்தையும் பூஜாவையும் அனுப்பியிருந்தார். ஒரு வார வேலை. ஒன்றரை நாளில் முடித்திருந்தார்கள்.

இருபதாவது படிவத்திலேயே அவருக்குத் தலை வலித்தது. ஒருத்தர்கூட எந்தக் கேள்விக்கும் 'தெரியாது' என்று சொல்லவில்லை. நாற்று நடப் போகும் எழுபது வயதுப் பெண் தினமும் இரண்டு மணி நேரம் பேப்பர் படிக்கிறாராம்.

கூப்பிட்டுக் கேட்டபோது பூஜா தலையைக் குனிந்துகொண்டாள். பிரசாத் மறைக்கவில்லை. பதினொரு வீடு போனார்களாம். மீதியைச் செங்கம் ரோட்டுக் காபிக் கடையில் உட்கார்ந்து நிரப்பினார்களாம். எப்படியும் சராசரி அதுதான் வரும் என்று விளக்கம் வேறு.

வருடா வருடம் இதே கூத்து. கத்திக் கத்தி அவருக்கு அலுத்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லி இருவரையும் அனுப்பிவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் முதல் வீட்டில் ஆதிலட்சுமி என்ற அம்மா நிலக்கடலையைப் புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே டிவி ஓடியது. மாணவர்கள் பார்த்திருக்க, தென்றலே படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் டிவி பார்ப்பார்?

"அது காலைலேர்ந்து ஓடிக்கினேதான் இருக்கும். நான் எங்க பாக்குறேன்? வூட்ல பேச்சுக்குரல் இல்லனா ஒரு மாதிரி இருக்குது, அதான் போட்டு வுட்டுடுறேன்."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. போன வாரம் மழைக்குப் பள்ளிக்கூட லீவு விட்டது எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"பக்கத்து வூட்டுப் புள்ள தெருவுல விளையாடினு இருந்துச்சி. சரி, லீவு போலன்னு நெனச்சிக்கினேன்."

அதற்கும் கட்டம் இல்லை. ஐந்து வீடுகள் ஏறி இறங்கியதில் ஓரங்களெல்லாம் எழுத்தாக நிறைந்தன. கட்டங்கள் பாதிக்கு மேல் காலி. இதே படிவத்தை வைத்துத்தான் தென்றல் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்.

"எங்களுக்கும் இப்படித்தான் சொன்னாங்க மேடம்," என்றான் பிரசாத். "எதுல டிக் போடறதுன்னே தெரியல."

"அத எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?"

பூஜாதான் பதில் சொன்னாள். "போன வருஷம் சீனியர்ஸ் ஓரத்துல எழுதினு வந்தாங்கன்னு திருப்பி அனுப்பிட்டீங்களே மேடம்."

அனுப்பியது உண்மைதான். கட்டத்துக்கு வெளியே எழுதுவது சோம்பேறித்தனம் என்று வகுப்பில் சொன்னதும் உண்மைதான். அவருக்கு எரிச்சல் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

பொய்யாக நிரப்பிய நாற்பத்தொன்பதுக்கும் பூஜ்யம்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் துறைத் தலைவர் மூர்த்திக்குப் போன் செய்து, இந்தப் படிவங்களை வைத்து அடுத்த மாதக் கருத்தரங்குக்கு எழுதவிருந்த கட்டுரை வராது என்றார். மூர்த்தி காரணம் கேட்டுக் கடிந்துகொண்டார்.

மறுநாள் இருவரிடமும் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். சொல்வதைச் சொன்னபடியே எழுதி வர வேண்டும், நாற்பத்தொன்பது வீடு. பிரசாத் முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினான்.