குளியல் தாலாட்டு

தன் முதல் கேசட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முனிர்காவுக்குப் பஸ் ஏறியபோது வைதேஹிக்குத் தலைகால் புரியவில்லை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, டெல்லித் தமிழர் மேடைகளில் 'கிராமியப் பாடகி' என்று பெயர் வாங்கியவள். கிராமத்தைப் பார்த்திருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேசட்டில் இருந்த எட்டுப் பாட்டும் பிறர் பாடக் கேட்டு, அவள் தன் குரலில் பாடியவை. அதில் ஒன்று பொன்னம்மாளுடையது.

ஏஷியாட் விளையாட்டுக்கான கட்டட வேலைக்காகச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷன் கருப்பசாமியோடு வந்தவள் பொன்னம்மாள். பிள்ளைக்குப் பாடுகிற பாட்டு ஏதாவது தெரியுமா என்று வைதேஹி டேப் ரிக்கார்டரை நீட்டியதும், தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாடினாள். பாடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிமென்ட் தூசி என்று நினைத்தாள் வைதேஹி. இன்னொரு தரம், கொஞ்சம் ஜல்தியாக, என்று கேட்டும் வாங்கினாள்.

'பாலை ஊத்தி, சந்தனம் பூசி, குளிக்குப் போ ராசா' என்று பொன்னம்மாள் பாடியிருந்தாள். பாவம், படிக்காதவள், இலக்கணம் இடிக்கிறது என்று வைதேஹி அதை 'குளிக்கப் போ ராசா' என்று திருத்திக்கொண்டாள். அத்தோடு விட்டாளா? வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றுகிற சத்தத்தைச் சேர்த்தாள். முடிவில் ஒரு குழந்தை கிலுகிலுவென்று சிரிக்கவும் ஏற்பாடு செய்தாள். அட்டையில் 'குளியல் தாலாட்டு' என்று அச்சடித்தார்கள். அதைப் போட்டுத்தான் பல வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பாராட்டு விழா. பொன்னம்மாளையும் மேடையேற்றிவிட வேண்டும் என்று அழைக்கத்தான் இப்போது வந்திருந்தாள்.

முனிர்காவில் பொன்னம்மாள் குடியிருந்த ஒற்றை அறையில் கேசட் ஓடியது. தண்ணீர் சளசளவென்று விழுந்தது. கருப்பசாமி பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். குழந்தை சிரித்தது. பொன்னம்மாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்னா இல்லையா, பொன்னம்மா?"

"நல்லாத்தாம்மா இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அது குளிக்கிற குளி இல்லம்மா. தோண்டுற குளி. எங்க ஊருப் பேச்சு அப்பிடி. மூத்தவன் பொறந்த பதினோராம் நாளே போயிட்டான். அவனுக்குப் பாடுனது."

வைதேஹி அந்தச் சொல்லை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். குழி. பாலும் சந்தனமும் எதற்கென்று இப்போதுதான் உறைத்தது. ழகரம் சுத்தமாக வருகிறது என்று மேடைக்கு மேடை பாராட்டு வாங்கிய நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. சொல் தெரியாமல் போனதுகூடப் பெரிதில்லை. எதிரே ஒருத்தி அழுதிருக்கிறாள், அவளைப் போய் ஜல்தியாகப் பாடச் சொன்னோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்விதான் வந்தது. கேட்ட மாத்திரத்தில் இன்னும் கூசிப்போனாள்.

"நீங்க பிள்ளைக்குப் பாடுற பாட்டுதானம்மா கேட்டீங்க," என்றாள் பொன்னம்மாள்.

விழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கேசட்டை எடுக்கப் போனாள் வைதேஹி. பொன்னம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துராதீங்கம்மா. கடைசியில சிரிக்குதுல்ல, அதை மட்டும் இன்னொருக்கப் போடுங்க. எம்புள்ள சிரிக்கிற வரைக்கும் இருக்கலை."

அது ஸ்டுடியோக்காரரின் பேரன் சிரித்தது என்று சொல்ல வைதேஹிக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரீவைண்ட் பட்டனை அழுத்தினாள்.