தூக்கி நிறுத்தக்கூடிய வண்டி

1

வண்டி நீல நிறம் என்றுதான் எனக்கு நினைவு. ரூத் சாம்பல் நிறம் என்கிறாள். வண்டி இப்போதும் கீழே வாசலில்தான் நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். திறக்கவில்லை. நிறமே தவறென்றால் மற்றதையெல்லாம் எந்தத் துணிச்சலில் எழுதுவது?

ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், சேரப்பணஞ்சேரியில் மாடிப் போர்ஷனில் நான் குடியிருக்கிறேன். கீழே ரூத்தும் அவள் கணவன் இருதயசாமியும். இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது. மீதி மாடிப்படியில் உட்கார்ந்து ரூத் சொல்லக் கேட்டது. இரண்டும் சேராத இடங்களில் நானே பூசி மெழுகியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகள் யானைக் கூட்டம் போல..."

(வேண்டாம். அவை லாரிகளைப் போலத்தான் போகின்றன.)

பிறகு இப்படி: "முப்பத்தெட்டு வயது வரை ரூத் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஏனென்றால் அவளுடைய அப்பா..."

(அந்த அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அவர் மேல் எதற்குப் பழி?)

2

ரூத் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரும்புத் தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் பிரஸ் இறங்கும். எந்தக் கையை எடுத்தாலும் அப்படியே நின்றுவிடும். விரல்கள் உள்ளே மாட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. பதினோரு வருடமாக அவள் அதைத்தான் செய்துவந்தாள். கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும், ஏறுவாள், இறங்குவாள்.

கம்பெனி வல்லம் பக்கம் புதிய ஷெட் போட்டது. அங்கே ரூத்தை லைன் லீடராக வரச் சொன்னார்கள். பிரஸ் லைனில் ஒரு பெண்ணை அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. ஆனால் அந்த ஷெட்டுக்கு பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோவும் அந்தப் பக்கம் போகாது. லீடர் எல்லோருக்கும் முன்னால் விடியற்காலையில் போய் மிஷின்களைச் சோதிக்க வேண்டும்.

"ஒண்ணாந்தேதி நீ வந்து நிக்கணும்மா. இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க, என்னைக் கேக்க மாட்டாங்க" என்றார் சூப்பர்வைசர் ஐயனார்.

இருதயசாமி ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவனுக்கு நிரந்தர நைட் ஷிப்டு, கொண்டுபோய் விட முடியாது.

"வண்டி வாங்கப் போறேன்" என்றாள் ரூத்.

"உனுக்கு இன்னாத்துக்கு வண்டி? பஸ்ஸு வர்ற எடத்துலயே இரு."

"பதினோரு வருசமா அங்கதான கீறேன்."

அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனான். அந்த வீட்டில் கதவு சாத்தினால் மாடி வரைக்கும் கேட்கும்.

* இந்த இடத்தில் இருதயசாமியைக் கொடுமைக்காரனாக்கப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருக்கும். ஆனால் அன்று மாலை அவனே போய் டிரைவிங் ஸ்கூலில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்படிப்பட்டவனை எந்தப் பக்கம் சேர்ப்பது?

3

ரூத் திடலில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டாள். திடலில் லாரி கிடையாது. சாலை வேறு.

படப்பையில் ஷோரூம். விற்பனைக்கு நின்ற பையன் பிரவீன் பெரிய என்ஜின், பிக்கப், மைலேஜ் என்று ஆரம்பித்தான். அவன் முடிக்கும்வரை ரூத் காத்திருந்தாள்.

"கீயே வுழுந்தா நானே தூக்கி நிறுத்தணும். அந்த மாதிரி வண்டி காட்டு, தம்பி."

இருப்பதிலேயே சின்ன என்ஜின், இருப்பதிலேயே மலிவு. மூலையில் நின்ற அந்த ஸ்கூட்டரைக் காட்டினான்.

"சாய்ச்சிப் போடு. தூக்கிப் பாக்கறேன்."

"யக்கா, புது வண்டிக்கா."

"அட்டை போட்டு அது மேல சாய்ச்சுடு."

அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வண்டியைப் படுக்க வைத்தார்கள். ஷோரூமே வேலையை விட்டுப் பார்த்தது. ரூத் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, குனிந்து, மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். "இது போதும்" என்றாள்.

வண்டி வீடு வந்து சேர்ந்ததும் இருதயசாமி வெளியே வந்து என்ஜின் சத்தத்தைக் கேட்டான்.

"வண்டி வாங்கச் சொன்னா மிக்சி வாங்கிகினு வந்துகீற."

4

சொல்லிக்கொடுக்க வந்தவள் தங்கமாரி. அதே கம்பெனியில் பேக்கிங் லைனில் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அடுத்த தெருவில் ரூம் எடுத்திருக்கிறாள். விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டின் தார்ச்சாலையில் ஞாயிற்றுக்கிழமை பழக்கம்.

ரூத் நன்றாகத்தான் போனாள். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. ரூத் இரண்டு கைகளையும் வண்டியிலிருந்து எடுத்து மேலே தூக்கினாள். வண்டி தானாகக் கொஞ்ச தூரம் போய், அவளோடு கருவேலம் புதரில் சாய்ந்தது.

"யக்கா! என்ன செய்யுதீய? போலீசக் கண்ட திருடன் மாதிரி ரெண்டு கையயும் தூக்குதீய?"

மறுபடி ஓட்டினாள். இந்த முறை ஒரு நாய். மறுபடி இரண்டு கையும் மேலே.

தங்கமாரிக்குச் சிரிப்பு போய் பயம் வந்தது. "வேண்டாங்க்கா. அந்த ரோட்டுல இப்படிச் செஞ்சீயன்னா முடிஞ்சிது."

ரூத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்தாள். (இதை நான் பார்க்கவில்லை. ரூத் சொன்னது.)

"ப்ரெஸ்ல அப்டித்தான்டி" என்றாள். "எது ஒண்ணுன்னாலும் கைய எடு, மிஷின் நின்னுடும். பதினோரு வருசமா கை அதையே பண்ணிகினு கீது."

"இது அந்த மிஷின் இல்லைலா."

"அத்த கையாண்ட யாரு சொல்றது?"

ரூத் புதரிலிருந்து வண்டியைத் தானே தூக்கி நிறுத்தினாள். ஏறி உட்காராமல், பிரேக்குகளைத் தொட்டுக்கொண்டே நின்றாள். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. சட்டென்று திரும்பி, "உன் ரூம்ல பச்ச டேப்பு கீதா?" என்று கேட்டாள்.

இரண்டு பிரேக்கிலும் பச்சை டேப் சுற்றினார்கள். கம்பெனியில் பச்சை இரண்டையும் அழுத்தினால் ஓடும். இங்கே பச்சை இரண்டையும் அழுத்தினால் நிற்கும். இருட்டும்வரை தங்கமாரி எதிரே குதித்துக் குதித்து வழிமறித்தாள். ரூத் அழுத்தி அழுத்தி நிறுத்தினாள்.

5

இந்த இடத்தில் நான் ஒரு முடிவு எழுதிவைத்திருந்தேன். "பின்னால் டிரெய்லரின் ஹாரன் அலறியது. பதினோரு வருடப் பழக்கம் அவள் கைகளை மெல்ல மேலே..."

மாடிப்படியில் உட்கார்ந்து ரூத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"கத நல்லாத்தான் கீது சார். ஆனா நான் ஷிப்டுக்குப் போவணுமே."

அடித்துவிட்டேன். வேறொரு முடிவும் இருந்தது. மனம் மாறிய இருதயசாமி வேலையை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்து துணைக்குப் போகிறான்.

"அவரு உக்காந்தா அந்த வண்டி நவுறாது சார்" என்றாள்.

6

ஆகவே, நடந்தது இதுதான்.

ஒன்றாம் தேதி விடியற்காலை. ஒரகடம் சாலையில் ரூத் இடது ஓரமாகப் போனாள். டிரெய்லர்கள் கடக்கும்போது காற்று வண்டியைப் பிடித்து இழுத்தது. சந்திப்புக்கு முன்னால், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ ஒன்று ஆளை ஏற்ற நட்டநடுவில் நின்றது.

கைகள் எழப்பார்த்தன. விரல்களில் டேப்பின் சொரசொரப்பு பட்டது. இரண்டையும் சேர்த்து அழுத்தினாள். ஆட்டோவின் முதுகுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது, அவள் கால்களும் தரையில் நின்றன.

"இன்னாமா, புதுசா?" டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"ஆமா, புதுசுதான். நீ பழசுதான? ஓரமா நிறுத்த மாட்ட?"

அவன் ஓரம் போனான். ரூத் போய்விட்டாள்.

* அதே சந்திப்பின் டீக்கடையில், ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து இருதயசாமி நின்றிருந்தான். கூப்பிட்டான். கழுத்தைத் திருப்பும் அளவுக்கு ரூத் இன்னும் பழகியிருக்கவில்லை. "என் வூட்டுக்காரிதான். மிக்சி ஓட்டிகினு போவுது" என்று டீ மாஸ்டரிடம் சொன்னானாம். டீ மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரூத்துக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

7

முடிவை உங்களிடம் ஒப்படைப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். தரமாட்டேன். அது ரூத்துடையது. வேண்டுமானால் வண்டியின் நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரூத் இப்போது வல்லம் ஷெட்டில் லைன் லீடர். அவளுக்குப் பின் இன்னும் இரண்டு பெண்கள் சொந்த வண்டியில் வருகிறார்கள். ஐயனார் மாற்றலாகிப் போனார். தங்கமாரி கல்யாணமாகித் தூத்துக்குடிக்கே போய்விட்டாள். பிரவீன் இப்போதும் படப்பையில்தான். வண்டி கேட்டு வரும் பெண்களிடம், "தூக்கிப் பாக்கறீங்களாக்கா?" என்று அவனே கேட்கிறானாம். இருதயசாமி நைட் ஷிப்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு மிக்சியின் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறான். வண்டி நகர்கிறது.

அது பிறகு ஒரு முறை மழைச் சேற்றில் கீழே விழுந்தது. ரூத்தே தூக்கி நிறுத்தினாள்.