துண்டுச்சீட்டு அப்பா

பாடகர் செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. நினைவுக் கூட்டத்தில் ஆளாளுக்கு அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட, முன்வரிசையில் அவருடைய மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"எங்க தெருவுல ஒரு சாவுன்னா கூப்பிடாமலே வந்து பாடுவாரு. அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு," என்று மூக்கைச் சிந்தினார் தையல்காரர்.

இருக்காதா பின்னே? ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த குரலாயிற்றே! வீட்டுக்குள் வந்தால் மட்டும், தொண்டை கெட்டுவிடும் என்று மனுஷன் வாயே திறக்கமாட்டார். குழம்பில் உப்பில்லை என்பதற்கும் துண்டுச்சீட்டுதான், மகள் கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதற்கும் துண்டுச்சீட்டுதான்.

"ஏம்மா, நீயும் அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசும்மா," என்று மைக்கை நீட்டினார்கள்.

வெடுக்கென்று வாங்கினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துப் படித்தாள்.

"ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட விழாவுல பாடணும். அது முடியட்டும், உன்கூட உட்கார்ந்து பேசுறேன்."

சீட்டை மடித்தாள். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"பேசினா எங்கப்பா குரல் எப்படி இருக்கும்? யாராவது சொல்லுங்களேன்."