அவசரம் இருந்தால் மட்டும்

தவக்காலம் வந்தால் ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீரை விடுவார். அந்த எண்பத்தேழாம் வருஷம், பஃபலோ ரோடு பிளாட்டில் தனியாக இருந்த ஆம்ப்ரோஸ் டெலிபோனை விட்டார். சிரிக்க வேண்டாம், அவருக்கு அது கறியைவிடப் பெரிய தியாகம்.

துறைமுகக் கிடங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் நாலு வருஷம். கோயிலில் கண் மங்கியவர்களுக்காக நூற்றிருபது ஞானப்பாடல்களைக் கொட்டை எழுத்தில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரைக்கும் ஆனது பதினொன்று. பேனாவைத் திறந்தால் போன் அடிக்கும். பழைய சிநேகிதர் ஜார்ஜ் தன் மகனுக்குப் பெண் பார்த்ததில் ஆரம்பித்து மீன் விலை வரைக்கும் பேச்சு போகும். அடிக்காவிட்டால் இன்னும் மோசம். லைன் செத்துப்போச்சோ என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். எடுத்த கையோடு யாரையாவது கூப்பிட்டு அரை மணி நேரத்தைத் தொலைப்பார்.

லைன் உயிரோடு இருக்கிறதா என்று அவர் பார்த்தது யாருக்காக என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மகள் பிரிஜட் இரண்டு வருஷத்துக்கு முன் வடிவேலுவை ரெஜிஸ்ட்ரியில் கல்யாணம் செய்துகொண்டபோது, "எனக்கு மகளே இல்ல. நான் செத்தா சொல்லி அனுப்புவாங்க, அப்ப வா" என்று சொன்னவர் அவர்தான். அவளும் அந்த வார்த்தையை மீறவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஜூரோங்கில் ஏதோ ஃபேக்டரியில் வேலை என்பதுகூடக் கோயிலில் பிலோமினம்மாள் சொல்லித்தான் தெரியும்.

கோயில் செயலாளர் தங்கராஜு ஒரு மெஷினைக் கொண்டுவந்து போனோடு மாட்டிவிட்டார்.

"நீங்க எழுதுங்க லா. கூப்பிடுறவங்க பேசுறத இது பிடிச்சு வச்சுக்கும். வேலை முடிஞ்சு சாயங்காலம் கேளுங்க."

ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பூசையில் வாசகம் படிக்கும் குரலில் பதிவு செய்தார்: "இயேசுவுக்கே புகழ். ஆம்ப்ரோஸ் எழுத்துப் பணியில் ஈடுபட்டுள்ளார். அவசரம் இருந்தால் மட்டும், ஒலி கேட்டபின் பேசவும்."

வேலை பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் அறுபது பாட்டு. ஆனால் யாருக்குமே அவசரம் இல்லை. சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெஷினை ஓடவிட்டால் வெறும் இரைச்சல்தான். ஜார்ஜ்கூடக் கூப்பிடவில்லை. இத்தனை நாளும் தன்னிடம் பேசியவர்கள் எல்லாம் சும்மா பேசியவர்கள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை மட்டும் மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் போன் அடிக்கும். அவர் எடுக்க மாட்டார், விரதமாயிற்றே. சாயங்காலம் கேட்டால் பேச்சில்லை. தூரத்தில் ஒரு சங்கு ஊதும். மூச்சுச் சத்தம். பிறகு லைன் துண்டிக்கப்படும். மூன்று புதன் இப்படியே போனது. நாலாவது புதன் அவருக்குப் பொறுக்கவில்லை. மெஷின் முந்திக்கொள்வதற்குள் ரிசீவரை எடுத்து, "ஹலோ" என்றார்.

"அப்பா..." என்று ஒரு குரல் திடுக்கிட்டது. உடனே கட்டாகிவிட்டது.

முதலில் கோபம்தான் வந்தது. நான் எடுத்ததும் வைத்துவிட்டாளே. அன்று ஒரு வரி எழுதவில்லை. அந்தி சாய்ந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. அவள் அவரிடம் பேசக் கூப்பிடவில்லை. மெஷினில் இருக்கும் அவர் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள். மெஷின் திட்டாது அல்லவா. கேட்கக் கிடைத்ததும் என்ன, அவசரம் இருந்தால் மட்டும் பேசு என்று, செத்தால் வா என்ற அதே பழைய வார்த்தை. ஆம்ப்ரோஸ் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் பழைய பதிவை அழித்தார். கேசட் மூன்று நிமிஷம் கொள்ளும். மூன்று நிமிஷமும் பேசினார். "ஆம்ப்ரோஸ் பேசுறேன். இன்னைக்கு ரசம் வச்சேன், புளி கூடிப்போச்சு. மூட்டு வலி விடமாட்டேங்குது. ஜன்னல்ல கிடந்த ரோஜாத்தொட்டி காஞ்சுபோச்சு, நான்தான் தண்ணி ஊத்த மறந்துட்டேன். என் மேலதான் தப்பு..." பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை. அவசரம் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டார்.

"உங்க மூட்டு வலியக் கேட்டு முடிச்சாத்தான் பூசை நேரம் கேட்க முடியுமா?" என்று பிலோமினம்மாள் மெஷினிடமே சண்டை பிடித்திருந்தாள்.

அடுத்த புதன் மூன்று மணிக்குப் போன் அடிக்கவில்லை. நாலு மணிக்கும் இல்லை. எடுத்துக் கெடுத்துவிட்டோம், இருந்த ஒரு நூலையும் நானே அறுத்தேன் என்று அந்த வாரம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டார். ஒருமுறைகூட லைனைச் சோதித்துப் பார்க்கவில்லை, பயம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பாட்டு நூற்றுப் பதினைந்து. புதன் மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஆம்ப்ரோஸ் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மெஷின் எடுத்தது. உள்ளே சக்கரம் சுற்றச் சுற்றக் காத்திருந்தார். மூன்று நிமிஷம். அவள் ஃபேக்டரியில் பப்ளிக் போன்தான் இருக்கும், அதில் ஒரு பத்துக் காசுக்கு அவ்வளவுதான் பேசலாம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் காசு முழுவதையும் நானே பேசித் தின்றுவிட்டேனே.

மெஷின் நின்றது. சாயங்காலம் வரை பொறுக்க அவரால் ஆகவில்லை. பொத்தானை அமுக்கினார்.

இரண்டாவது காசு விழும் சத்தம் கேட்டது. சங்கு ஊதியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க. அவசரம் ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான்."