ஹைபீம்

1

இந்தக் கதையை ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்; மறைப்பானேன். போன வாரம் எதிரே வந்த காரின் ஹைபீம் வெளிச்சம் கண்ணைக் கூச, சாலை தெரியாமல், ஓரமும் தெரியாமல் ஸ்கூட்டரோடு நின்றுவிட்டேன். வாய் திறப்பதற்குள் கார் போய்விட்டது. திட்டு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

2

ஒளி என்பது மனிதனின் ஆதி ஆசை, ஆனால் இருட்டோ

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.)

லாரி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனியில் அவள் விளக்குகளுக்குப் பொறுப்பு. தெருவிளக்கு, பிரேக் விளக்கு, நனைந்த சாலையில் விழும் வெளிச்சம் எல்லாம் அவள் கைவேலை. ஹைபீமுக்கு அவளாக ஒரு விதி எழுதியிருந்தாள். ஆடுபவர் டிம் செய்யாவிட்டால் எதிரே வரும் வண்டி இரண்டு முறை விளக்கைச் சிமிட்டும். அப்போதும் செய்யாவிட்டால் தடுமாறி ஓரத்தில் இறங்கிவிடும்.

மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அதை எடுத்துரும்மா. ஆடுறவங்க எரிச்சல்படுறாங்க. நிம்மதியா ஓட்ட விடலையாம்."

"எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசாதா சார்?"

"எதிர்ல யாரும்மா இருக்கா? எல்லாம் நீ எழுதின புரோகிராம்தானே."

அவள் விதியை எடுத்துவிட்டாள். (முதல் பிரதியில் வேலையை உதறிவிட்டுப் போனாள். எழுதும்போது குளுகுளுவென்று இருந்தது. நான் எந்த வேலையை உதறினேன்?)

3

மாலை ஏழு மணிக்குக் கணவன் காரில் வந்து அழைத்துப் போனான். ஊரைத் தாண்டியதும் தெருவிளக்கு இல்லாத சாலை. வேகமானிக்குப் பக்கத்தில் ஹைபீமின் நீலப் புள்ளி எரிந்தபடியே இருந்தது.

"டிம் பண்ணுங்க."

"பண்ணினா எனக்கு ரோடு தெரியாது."

"அவங்களுக்கு?"

"அவன் முதல்ல பண்ணட்டும்."

(இவனைக் கொஞ்சம் நல்லவனாக்கேன் என்றாள் கையெழுத்துப் பிரதி படித்த என் தங்கை. நல்லவன்தான். அவள் காய்ச்சலில் கிடந்த நாட்களில் கண்விழித்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டவன். என் வயிற்றெரிச்சலே அதுதான்.)

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். அவள் எழுதியிருந்தது போலவே இரண்டு முறை சிமிட்டியது. பிறகு சரளைக்கல்லில் சறுக்கி இறங்கியது. இவன் வேகத்தைக் குறைக்கவில்லை.

"விழலம்மா. கண்ணாடியில பாத்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

"நிறுத்துங்க."

"பேசாம வா."

அவள் சீட்பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகுதான் பிரேக் விழுந்தது.

4

போன் வெளிச்சத்தில் திரும்பி நடந்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிச் சட்டையில் ஒருவர், சாய்ந்து கிடந்த வண்டியருகே உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து ரத்தம்.

"எலும்பு ஒண்ணும் போகல. நீங்க யாரு?"

"அந்தக் கார்ல வந்தவ."

அவர் அவளையே பார்த்தார். (இங்கே அவருக்கு அரைப்பக்க வசனம் வைத்திருந்தேன். கை எரிகிறவர் அவ்வளவு பேசமாட்டார்.)

"ஒரு விரல் வேலைதானேம்மா, டிம் பண்றது" என்றார்.

அவள் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். முடிச்சுப் போடும்போது இருவர் முகத்திலும் வெளிச்சம் அறைந்தது. அவன் காரைத் திருப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். ஹைபீமில்தான். அவர் கட்டுப் போட்ட கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அவள் எழுந்து சாலை நடுவே போய் நின்றாள்.

5

ஒரு முடிவில் அவன் இறங்கி மன்னிப்புக் கேட்டான். தங்கைக்குப் பிடித்தது, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் கார் நிற்கவில்லை. அதைக் கோபத்தில் எழுதினேன். காலையில் எனக்கே வெட்கமாக இருந்தது, அதையும் கிழித்தேன்.

காருக்கும் அவளுக்கும் நடுவே இப்போது நாற்பதடி. நீங்களும் வண்டி ஓட்டுகிறவர்தானே? அவன் இடத்தில் உட்காருங்கள். டிம் பண்ணும் நெம்புகோல் ஸ்டியரிங்கை ஒட்டித்தான் இருக்கிறது. நான் பேனாவை மூடுகிறேன்.

அவள் நகரமாட்டாள்.